சூரிய ஒளியும் கிணற்று நீரும்

கிணறு இல்லாத நெசவாளர் தெரு ஒன்றை நாம் இதுவரை கண்டதில்லை. நூலை அலசவும், சாயம் தோய்க்கவும், பாவுக்குக் கஞ்சி காய்ச்சவும் தண்ணீர் அருகிலேயே வேண்டும். குடிப்பதற்கும் அதே கிணற்றில் இறைத்துக்கொள்வது பல தலைமுறைகளாக வழக்கமாயிருந்தது. குழாய்நீர் வந்துவிட்ட ஊர்களிலும், குழாய் வராத நாட்களில் பழைய கிணறோ ஆழ்துளைக் கிணறோதான் துணை. விவசாய அங்கத்தினர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு வயலும் வீடும் ஒரே நிலத்தடி நீரை நம்பியிருப்பவை. ஆதலின், நிலத்தடி நீரைத் தூய்மை செய்யப் புதியதொரு வழி வந்திருக்கிறதென்று எவரேனும் கூறினால் நம்மவர்கள் காது கொடுத்துக் கேட்பது இயல்பே.

சென்ற ஐப்பசி மழைக்குப் பின்னர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஆய்வுக்காக நாம் சென்றிருந்தோம். மழையின்போது அத்தெருவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, இரண்டு குழந்தைகள் அரசாங்க மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுப் பிழைத்துத் திரும்பியிருந்தன. பேரேடும் இருப்புக் கணக்கும் பார்த்து முடித்த பிறகு, தலைவர் ஒரு வண்ணப் பிரசுரத்தை நம் முன் வைத்தார். சூரிய ஒளியால் இயங்கும் வினையூக்கித் தகடுகள் பொருத்திய நீர்த்தொட்டி ஒன்றை அது விளம்பரம் செய்தது. மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம். கிருமி சாகும், உவர்நீர் இனிக்கும். ஐந்தாண்டுகளுக்குத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம் என்று அதில் கண்டிருந்தது. சங்கத்தின் பொதுநல நிதியில் சேர்ந்திருந்த தொகை முழுவதையும் அத்தொட்டிக்குச் செலவிட நிர்வாகக் குழுவினர் எண்ணியிருந்தனர்.

“ஐயா இரசாயனம் படித்தவர்கள். இது உண்மைதானா என்று சொன்னால் போதும்” என்றார் தலைவர்.

பிரசுரத்தில் டைட்டானியம் டையாக்ஸைடு என்ற பெயரைக் கண்டதும், கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்து, “நல்ல பொருள்தான், வாங்கலாம்” என்று சொல்லிவிட்டோம். அவ்வாறு சொன்னது தவறு. ஆழ்வார்பேட்டைக்குத் திரும்பும் பேருந்திலேயே ஒரு கேள்வி உறுத்தத் தொடங்கியது: கிருமி சாகும், சரி, உப்பு எங்கே போகும்? அக்கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில வாரங்கள் நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் படித்தோம். படித்ததில் அங்கத்தினர்களுக்குப் பயன்படக்கூடியதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் இப்பொருள் யாது என்பதைக் காண்போம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் கிடைப்பதைப் பலர் அறிவர். அம்மணலிலுள்ள இல்மனைட் என்னும் தாதுவிலிருந்து டைட்டானியம் டையாக்ஸைடு எடுக்கப்படுகிறது. கரிய மணலிலிருந்து வருவதாயினும் இது தூய வெண்ணிறப் பொடி. சுவர்களுக்கும் கதவுகளுக்கும் பூசும் வெள்ளை வர்ணத்தில் வெண்மையைத் தருவது பெரும்பாலும் இதுவே. நெசவாளர்களுக்கும் இது புதியதன்று. செயற்கைப் பட்டு, பாலியெஸ்டர் முதலிய இழைகளின் மினுமினுப்பைக் குறைத்து மங்கலாக்குவதற்கு, இழை இழுக்கும் முன்னரே ஆலைகளில் சிறிதளவு சேர்ப்பது இப்பொடியைத்தான்.

வெள்ளை வர்ணம் பூசிய கதவு சில ஆண்டுகள் வெயிலில் நின்றபின், கையால் தடவினால் சுண்ணாம்பு போல் பொடி ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பது என்னவென்றால், டைட்டானியம் பொடி வெயிலை வாங்கித் தன்னைச் சுற்றியுள்ள எண்ணெய்ப் பசையை மெல்ல அரித்துவிடுகிறது. பிடிப்பை இழந்த பொடி கையோடு வருகிறது. வர்ணம் செய்வோர் 1920-களிலேயே இக்குறையை அறிந்திருந்தனர்; பிற்காலத்தில் பொடியின்மீது வேறு பொருள்களைப் போர்த்தி இதைக் கட்டுப்படுத்தினர். நீரைச் சுத்தம் செய்ய வந்தவர்களோ அந்தக் குறையையே குணமாக எடுத்துக்கொண்டனர்.

சாயப்பட்டறைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. வாட் சாயங்களில் சில மஞ்சளும் ஆரஞ்சும் எளிதில் வெளுக்காதவை. ஆயினும், அவற்றில் தோய்த்த பருத்தித் துணியை நாள்தோறும் வெயிலில் காயவைத்தால், நிறம் அப்படியே இருக்கத் துணி மட்டும் நைந்து கிழிந்துவிடும். துணி வாங்கியவர் நூலைப் பழிப்பார். நூல் விற்றவர் நெய்தவரைப் பழிப்பார். உண்மையில் குற்றம் இருவருடையதும் அன்று. அச்சாயம் வெயிலை உட்கொண்டு, காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையால் நூலின் நாரைச் சிதைக்கிறது. தான் மட்டும் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. தான் செலவாகாமல் மற்றொரு பொருளில் இரசாயன மாறுதலை விரைவுபடுத்துவதைத்தான் வினையூக்கி என்கிறோம். பழைய பாடப்புத்தகங்களில் இதற்குக் கிரியா ஊக்கி என்று பெயர். அந்த மாறுதலுக்கு ஒளி தேவைப்படுமானால் அது ஒளிவினையூக்கி.

டைட்டானியம் டையாக்ஸைடில் நிகழ்வதும் இதுபோன்றதே. புற ஊதாக் கதிர் அதன்மேல் பட்டதும், உள்ளே ஓர் எலெக்ட்ரான் தன் இடத்தைவிட்டு எழும்புகிறது. அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. எழும்பிய எலெக்ட்ரான் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சேர்கிறது. வெற்றிடமோ, தன்னை நிரப்பிக்கொள்ள, ஒட்டியிருக்கும் நீரிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறிக்கிறது. இப்பறிப்பில் பிறப்பது ஹைட்ராக்ஸில் என்னும் முரட்டுத் துணுக்கு. எதிர்ப்பட்ட கரிமப் பொருள் எதுவாயினும் அதைத் தாக்கும். ஆனால் அதன் ஆயுள் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் செல்ல அதனால் இயலாது. இதை அங்கத்தினர்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் பிரசுரங்கள் மறைக்கும் சங்கதிகளில் பாதி இதிலிருந்துதான் புறப்படுகிறது.

இவ்வாராய்ச்சியின் தொடக்கம் ஜப்பானில். டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அகிரா ஃபுஜிஷிமா, டைட்டானியம் டையாக்ஸைடாலான மின்வாயை நீரில் அமிழ்த்தி ஒளி பாய்ச்சியபோது, வாயுக் குமிழிகள் எழுவதை 1967-இல் கண்டார். அவரும் அவருடைய ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் 1972-இல் இதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அப்போது அவர்கள் கருத்து நீரைப் பிரித்து எரிபொருள் எடுப்பதில் இருந்தது, கிருமியைப் பற்றியன்று. பின்னர் 1985-இல் ததாஷி மட்சுனாகா என்ற ஜப்பானியரும் அவருடன் உழைத்தவர்களும், பிளாட்டினம் ஏற்றிய டைட்டானியம் டையாக்ஸைடுப் பொடியை நீரில் கலந்து விளக்கொளி காட்டி, பாக்டீரியாவும் ஈஸ்டும் இரண்டு மணி நேரத்துக்குள் மடிவதைக் காட்டினர். மனிதக் கழிவு கலந்ததற்கு அடையாளமாகக் கருதப்படும் ஈ. கோலி என்னும் பாக்டீரியாவும் அவற்றுள் ஒன்று. ஹைட்ராக்ஸில் துணுக்குகள் கிருமியின் மேற்சவ்வை முதலில் அரித்துத் துளைப்பதால் அது பிழைக்க முடிவதில்லை.

நம்முடைய நகரிலும் இவ்வாராய்ச்சி நடந்திருக்கிறது. ஆழ்வார்பேட்டையிலிருந்து அடையாற்றைக் கடந்தால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம். அங்குள்ள வேதியியல் துறையினர் நெசவுச் சாயங்களை நீரில் கரைத்து, டைட்டானியம் டையாக்ஸைடும் துத்தநாக ஆக்ஸைடும் கலந்து, சென்னை வெயிலில் வைத்து, நிறம் அழிவதை அளந்து கட்டுரைகள் வெளியிட்டனர். 2003-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், தாம் சோதித்த பழுப்புநிற அஸோ சாயத்துக்குத் துத்தநாக ஆக்ஸைடே மேலாக வேலை செய்ததென்று கூறியுள்ளனர். துத்தநாக ஆக்ஸைடு மலிவு. ஆனால் புளிப்பேறிய நீரில் கரைந்துவிடும் குணமுடையது.

இவ்வளவும் மெய். ஆதலால் பிரசுரத்திலிருந்த “கிருமி சாகும்” என்ற சொல் பொய்யன்று. இனிதான் சிக்கல்.

டைட்டானியம் டையாக்ஸைடுக்கு வேண்டியது புற ஊதாக் கதிர். நிலத்தை வந்தடையும் சூரிய ஒளியில் அதன் பங்கு நூற்றுக்கு நான்கைந்துதான். எஞ்சிய வெளிச்சம் எவ்வளவு கண்ணைக் கூசினாலும் இப்பொடிக்குப் பயனில்லை. அடைமழை நாட்களில், அதாவது கிணற்றில் கழிவுநீர் இறங்கக்கூடிய அதே நாட்களில், அந்த நான்கைந்து பங்கும் குறைந்துவிடும். நோய் வரும் பருவமும் தொட்டி தூங்கும் பருவமும் ஒன்றாயிருக்கின்றன.

அடுத்து, முரட்டுத் துணுக்கின் ஆயுள் குறைவு என்றோமல்லவா? ஆகையால் கிருமி வினையூக்கியின் மேற்பரப்பை ஒட்டி வந்தால்தான் சாகும். பொடியாக நீரில் கலக்கினால் எல்லாப் பக்கமும் மேற்பரப்புக் கிடைக்கும். ஆராய்ச்சிச் சாலைகளில் நல்ல முடிவுகள் வருவது பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் ஆராய்ச்சிக்குப் பயன்படும் பொடியின் துகள் எவ்வளவு நுண்ணியதென்றால், ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் கூறு செய்தால் ஒரு கூறு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு. அதைக் குடிநீரிலிருந்து வடித்தெடுப்பது வீட்டுத் துணிக்கும் மணல் வடிகட்டிக்கும் எட்டாத வேலை. அதற்கு அஞ்சித் தகட்டிலோ கண்ணாடியிலோ பொடியைப் படியவைத்தால் வடிக்கும் தொல்லை நீங்கும். மேற்பரப்போ வெகுவாகக் குறைந்துவிடும். நீரை மெல்லிய படலமாகத் தகட்டின்மேல் ஓடவிட வேண்டியிருக்கும். நாம் பார்த்த பிரசுரத்துப் படத்தில் தொட்டி முழங்கால் ஆழம் இருந்தது. தகடு அடியில் கிடந்தது. மேலே மிதக்கும் கிருமி அடித்தகட்டைத் தேடிப் போய்ச் சாகும் என்று நம்புவதற்கு இடமில்லை.

மூன்றாவது சிக்கல் நம் நிலத்தடி நீரின் குணம். நம்மூர்க் கிணறுகளில் பெரும்பாலானவை கடின நீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. இத்தகைய நீரில் பைகார்பனேட் மிகுதி. கிருமியைத் தாக்க வேண்டிய துணுக்குகளைப் பைகார்பனேட் இடைமறித்துத் தின்றுவிடுகிறது. வாலை வடித்த நீரில் அரை மணியில் நடந்தது கிணற்று நீரில் அதே வேகத்தில் நடக்குமென்று எதிர்பார்க்கக் கூடாது. மேலும், வெயிலில் சூடேறும் கடின நீர் தகட்டின்மேல் சுண்ணப் படிவத்தை விட்டுச் செல்லும். கஞ்சி காய்ச்சும் அண்டாவின் அடியில் வெள்ளையாய்ப் பற்றுவது இதுதான். படிவம் மூடிய தகட்டுக்கு ஒளியும் இல்லை, நீரும் இல்லை. ஐந்தாண்டு திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார்களே, ஐந்து மாதம் தாங்குமா என்பதே நம் ஐயம்.

இப்போது உப்புக்கு வருவோம். நம்மைப் பேருந்தில் உறுத்திய கேள்விக்கு விடை மிக எளிது: உப்பு எங்கும் போகாது. இந்த வினையூக்கி செய்வது ஒருவகை எரிப்பு. எரியக்கூடிய கரிமப் பொருளைத்தான் அது சிதைக்கும். சோற்றுப்பு ஏற்கெனவே எரிந்து முடிந்த சாம்பலைப் போன்றது. ஃபுளோரைடும் அப்படியே. வயலில் இட்ட யூரியாவிலிருந்து கிணற்றில் இறங்கும் நைட்ரேட்டையும், சாதாரணமாக நீரிலும் வெயிலிலும் வைத்த இவ்வினையூக்கி அகற்றுவதில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. பச்சைக் குழந்தைகளுக்கு அது கேடு. கிணற்றடியில் தோட்டம் வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திருப்பூர் இதற்குக் கண்கூடான சாட்சி. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையாயிற்று. சாயத்தின் நிறம் கண்ணுக்குத் தெரிந்ததால் நிறமே குற்றவாளி என்று பலர் எண்ணினர். ஆனால் வயலைப் பாழாக்கியதில் பெரும்பங்கு, சாயம் ஏறுவதற்காகத் தொட்டியில் கொட்டிய உப்புக்கு உரியது. கழிவை முற்றிலும் தடுக்காத சாயச்சாலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டபின், சவ்வூடு பரவல் கருவிகளும் ஆவியாக்கிகளும் பெருஞ்செலவில் இயக்கப்பட்டு உப்பு பிரித்தெடுக்கப்படுகிறது. வெயில் காட்டினால் உப்பு மறையுமென்றால் அவ்வளவு செலவை எவர் செய்வார்?

இங்ஙனம் நம் சொல்லின் தவறு தெளிவான பின், வேறொரு யோசனை தோன்றியது. தகடு இல்லாமல் வெயில் மட்டுமே கிருமியைக் கொல்லுமா?

இது பழைய கேள்வி. 1877-இல் இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர், ஊட்டநீர் நிரப்பிய சோதனைக் குழாய்களில் சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை இருட்டிலும் வைத்தனர். இருட்டிலிருந்தவை கலங்கிப்போயின, வெயிலிலிருந்தவை தெளிவாகவே நின்றன. நூறாண்டு கழித்து, லெபனான் நாட்டுப் பெய்ரூட்டில் அஃப்டிம் ஆக்ரா என்ற பேராசிரியர் இதைக் குடிநீருக்குப் பயன்படுத்த முனைந்தார்; சுவிட்சர்லாந்து நாட்டு நீர் ஆராய்ச்சி நிலையத்தார் 1991 முதல் அதை ஒரு முறையாக வகுத்தனர். சுருக்கமாகச் சொன்னால், நிறமற்ற தெளிவான பிளாஸ்டிக் புட்டியில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவைக்க வேண்டும். வானம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் இரண்டு நாட்கள். புட்டி இரண்டு லிட்டருக்கு மேற்படக் கூடாது. நீர் கலங்கியிருந்தால் முதலில் தெளியவைத்து வடித்துக்கொள்ள வேண்டும். புட்டிப் பிளாஸ்டிக்கிலிருந்து ஏதாவது நீரில் இறங்குமோ என்ற அச்சத்தையும் ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, குடிநீருக்குரிய வரம்புக்குள்ளேயே இருப்பதாகக் கண்டனர். கீறல் விழுந்து மங்கிய புட்டியை மட்டும் மாற்றிவிட வேண்டும். அது ஒளியை மறைக்கும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூறு பேருக்கு இவ்வாறு வெயிலில் வைத்த நீரைக் கொடுத்து, வேறு நூறு பேரை வழக்கம்போல் விட்டு, ஆறு மாதம் கவனித்தனர். ஆண்டொன்றுக்குக் குழந்தை ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு, வழக்கம்போல் இருந்தவர்களிடம் 2.7 முறையும், வெயில்நீர் குடித்தவர்களிடம் 1.7 முறையும் கண்டது. 2006-இல் இம்முடிவு வெளியாயிற்று. அக்குழந்தைகளில் நூற்றுக்கு 86 பேர் இடையிடையே வேறு நீரும் குடித்தவர்களே. அப்படியிருந்தும் இவ்வளவு குறைந்தது. பணம் கொடுத்து வாங்கியது ஒன்றுமில்லை. புட்டியும் கூரையும் வெயிலுந்தான்.

நாமும் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். நாம் குடியிருப்பது ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் மாடி. பின்கட்டில் உறைக்கிணறு ஒன்று இருக்கிறது. 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டபோது அதுவும் வறண்டது. மழைநீரைக் குழாய் வழியே அதில் இறக்கியிருப்பதால் பின்னர் ஊறிவிட்டது. கடல் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டரில் இருப்பதால் கோடையில் சிறிது உவர்க்கும். தெருச் சாக்கடை நிரம்பும் நாட்களில் அந்நீரை வீட்டுக்கார அம்மாள் துணி துவைக்கவும் விடமாட்டார்.

நீரில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று காட்ட ஹைட்ரஜன் சல்பைடு சோதனைப் புட்டி என்று ஒன்றுண்டு. குவாலியரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 1982-இல் இதை வெளியிட்டனர். மருந்து தோய்த்த தாள்துண்டு உள்ள சிறு புட்டியில் நீரை ஊற்றி மூடி, அறைவெப்பத்தில் வைத்தால், கழிவு கலந்த நீர் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்துவிடும். மழை விட்ட மறுவாரம் கிணற்று நீரை அப்படியே ஒரு புட்டியில் விட்டோம். காலை ஒன்பது மணி முதல் மாலை மூன்று மணி வரை மொட்டை மாடியில் வெயில் காய்ந்த நீரை மற்றொன்றில் விட்டோம். முதல் புட்டி மறுநாளே கறுத்தது. இரண்டாவது இரண்டு நாட்கள் கழிந்தும் கறுக்கவில்லை. மூன்று நாட்களுக்குப் பின், மேகமூட்டமான ஒரு நாளில் அதே ஆறு மணி நேரம் வைத்த நீரோ கறுத்தது. ஒரு கிணற்றில் ஒரு முறை செய்ததை ஆராய்ச்சியென்று சொல்லமாட்டோம். மூடிய வானத்துக்கு இரண்டு நாள் என்ற விதி வீணாக எழுதப்பட்டதன்று என்பது மட்டும் நமக்கு நன்கு பதிந்தது.

வெயில்புட்டிக்கும் எல்லை உண்டு. ஐந்து பேர் உள்ள குடும்பம் குடிப்பதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஆறேழு புட்டிகள் வேண்டும். தறிக் குழியில் கால் வைத்திருக்கும் பெண்களுக்கு இது கூடுதல் வேலை. உப்பை இதுவும் தொடாது. அடைமழையில் இதுவும் தூங்கும். அந்நாட்களுக்குக் கொதிக்கவைத்த நீரோ, குளோரினோதான் வழி.

குளோரின் என்றதும் நெசவாளர்கள் தயங்கத் தேவையில்லை. நூலை வெளுக்கும் அதே பிளீச்சிங் பவுடர்தான். புதிய பவுடரில் நூற்றுக்கு ஏறக்குறைய 33 பங்கு குளோரின் இருக்கும். திறந்து வைத்த பவுடரில் அது பறந்துபோயிருக்கும். ஆயிரம் லிட்டர் நீருக்கு 2.5 கிராம் என்பது பொதுக் கணக்கு. கிணற்றின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, மீண்டும் 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர். இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் 9,420 லிட்டர். அதற்குப் பவுடர் ஏறக்குறைய 24 கிராம். அதை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழம்பாக்கி, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். தெளிவை மட்டும் வேறு வாளியில் வடித்து, நீருக்குள் இறக்கி நன்றாகக் குலுக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் நீர் இன்னும் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்து, லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மீந்திருக்க வேண்டும். இல்லையேல் மறுபடி சேர்க்க வேண்டும். மீந்து நிற்கும் இந்தக் குளோரின், பின்னர் குடத்தில் கை பட்டாலும் காக்கும். வெயிலுக்கும் வினையூக்கித் தகட்டுக்கும் அந்த மீதம் கிடையாது. இரவில் செய்வது உத்தமம். சாயம் தோய்ப்பவர்கள் அன்று அந்நீரைப் பயன்படுத்தாதிருப்பது நல்லது; சில சாயங்களின் நிறம் மாறும்.

இஃதிவ்வாறிருக்க, அச்சங்கத்துக்கு நாம் மீண்டும் சென்றோம். தொட்டி வாங்குவதென்று தீர்மானம் நிறைவேறியிருந்தது. முன்பணம் மட்டும் இன்னும் அனுப்பப்படவில்லை. முன்னர் சொன்னது அவசரத்தில் சொன்னதென்று குழுவினர் முன் ஒப்புக்கொண்டு, மேற்கண்டவற்றை எடுத்துரைத்தோம். கூடத்தின் ஓரத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்த முதிய அங்கத்தினர் ஒருவர், “ஏன் தம்பி, வெயிலுக்கா இத்தனை பணம் கேட்டார்கள்?” என்றார். தகட்டுக்குத்தான் பாட்டி என்றோம். அவர் சமாதானமடைந்ததாகத் தெரியவில்லை.

விற்பனையாளரைக் குறை சொல்லவும் நமக்கு விருப்பமில்லை. அவரும் பிறர் அச்சிட்டதைக் கொண்டுவந்தவராயிருக்கலாம். ஆகவே குழுவினர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினர். இத்தொட்டியைக் கடின நீரில் சோதித்த ஆய்வுக்கூடம் எது, மேகமூட்டமான நாளில் மணிக்கு எத்தனை லிட்டர் நீரைக் கிருமியற்றதாக்கும், கரைந்த உப்பு முன்னும் பின்னும் எவ்வளவு என்பதற்கு எழுத்து மூலம் விடை தந்தால் மறுபரிசீலனை செய்வதாக அதில் கண்டிருந்தது. இன்றுவரை பதில் இல்லை.

அதன்பின் குழு கூடி முந்தைய தீர்மானத்தை இரத்துச் செய்தது. கிணற்றுக்கும் அருகிலிருந்த கழிப்பறைக் குழிக்கும் இடையே அளந்தபோது 9 மீட்டரே இருந்தது; 15 மீட்டருக்குக் குறையக் கூடாதென்பது சுகாதார விதி. பொதுநல நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு அக்குழியை மாற்றவும், கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் சிமெண்டுத் தளமும் வடிகாலும் கட்டவும், பவுடரும் சோதனைப் புட்டிகளும் வாங்கி வைக்கவும் முடிவாயிற்று. கிணற்று நீரில் ஒரு புட்டி மாவட்டத் தலைநகரிலுள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. நைட்ரேட்டும் மொத்த உப்பும் எவ்வளவென்று அங்கிருந்து தெரியவரும். மிகுதியாயிருந்தால் அக்கிணற்றைக் குடிப்பதற்கு விட்டுவிட்டு நூல் அலச மட்டும் வைத்துக்கொள்வதென்று குழுவினர் இப்போதே பேசி வைத்திருக்கின்றனர்.